பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்துக்கு ஹனுக்காவுக்கு என்ன கொடுக்கலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சி ஹைலண்ட் பார்க்கில் குடியேறி இரண்டு வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டில் ஒரு யூதக் குடும்பம். வீட்டுக்காரர் எப்போதும் தலையில் சின்னக் குல்லா வைத்திருக்கிறார், சனிக்கிழமை எல்லோரும் நடந்தே ஜெப ஆலயம் போகிறார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுகிறார்கள். தீபாவளிக்கு நீங்கள் வீட்டில் செய்த மைசூர்பாகும் முறுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள், ஆனால் அப்புறம் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. இப்போது அவர்களுடைய விளக்குப் பண்டிகையான ஹனுக்கா வருகிறது. வேறு மதத்துக்காரர்களான நாம் பரிசு கொடுக்கலாமா, என்ன கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் தப்பாக நினைப்பார்களா என்று கேட்கிறீர்கள். பரிசுப் பொருளைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும் உங்களை உறுத்துவது அந்த மைசூர்பாகுதான் என்று எனக்குப் படுகிறது.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். இதே மாநிலத்தில் மசாலாவும் சுவையூட்டிகளும் செய்யும் தொழிற்சாலையில் பல வருடங்கள் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். யூத உணவுச் சட்டப்படி சரியானது என்று சொல்லும் கோஷர் சான்றிதழ் சம்பந்தப்பட்ட கோப்புகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். சோதனைக்கு வரும் ரபிகளோடு, அதாவது யூத மதகுருக்களோடு, கொதிகலன் பக்கத்தில் நின்று பேசிப் பேசியே பாதி விஷயம் கற்றுக்கொண்டேன், மீதி பக்கத்து வீடுகளில். நான் யூதன் இல்லை, அவர்களுடைய சட்டத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதியும் எனக்கில்லை. ஒரு குடும்பத்துக்கு எது சரி என்பதை அவர்களும் அவர்களுடைய ரபியும்தான் முடிவு செய்வார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கொடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் எளிது: தாராளமாகக் கொடுக்கலாம். பழங்காலம் தொட்டே அந்தச் சமூகம் பேசிவந்த விஷயம் இது. வேற்று மதத்தாரோடு எப்படிப் புழங்குவது என்பதற்கென்றே தால்முத் என்ற அவர்களுடைய பழைய சட்ட விவாத நூலில் ஒரு முழுப் பகுதி இருக்கிறது. பாபிலோனில் வாழ்ந்த ரப் யெஹூதா என்ற அறிஞர், யூதரல்லாத தன் நண்பர் அவிதர்னாவுக்கு அவருடைய பண்டிகை நாளிலேயே பரிசு அனுப்பினார் என்று அதில் வருகிறது. அந்த மனிதர் சிலை வணங்குகிறவர் இல்லை, எனக்குத் தெரியும் என்று காரணமும் சொன்னார். அதே பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு சம்பவம் உண்டு. மாற்றுக் கொள்கைக்காரர் ஒருவர் தன் பண்டிகை நாளில் ரபி யெஹூதா நெசியாவுக்கு ஒரு தினார் நாணயம் அனுப்பிவைக்கிறார். ரபிக்குச் சங்கடம். வாங்கினால் அந்த ஆள் போய்த் தன் தெய்வத்துக்கு நன்றி சொல்வார், வாங்காவிட்டால் பகை வரும். பக்கத்தில் இருந்த ரேஷ் லாகிஷ் ஒரு யோசனை சொல்கிறார்: வாங்கிக்கொள்ளுங்கள், அவர் கண்ணெதிரே கிணற்றில் போட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் கோபம் இன்னும் அதிகமாகுமே என்கிறார் ரபி. நான் சொல்வது, கை தவறி விழுந்த மாதிரி போட வேண்டும் என்கிறார் ரேஷ் லாகிஷ்.

உங்கள் மைசூர்பாகுக்கும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கும். தலையில் குல்லா, சனிக்கிழமை வண்டி எடுக்காமல் நடை, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அது கோஷர் வீடாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்படியென்றால் உங்கள் அடுக்களையில் செய்த எதையும் அவர்கள் சாப்பிட்டிருக்க முடியாது. ஆனால் வாசலில் வந்து நிற்பவரிடம் "வேண்டாம்" என்று சொல்ல மனம் வராது. வாங்கி உள்ளே வைத்து, வேலைக்கு வருபவருக்கோ அலுவலகத்திலோ கொடுத்திருப்பார்கள். பிடிக்காமல் ஒதுக்கியதில்லை அது, உங்கள் மனம் நோகக் கூடாது என்று மெனக்கெட்டது.

"நாங்கள் சுத்த சைவம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை" என்று நம்மவர்கள் இந்த இடத்தில் சொல்வதுண்டு. சைவமும் கோஷரும் வேறு வேறு. கோஷரில் பன்றி கூடாது, பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது என்பது வரை பலருக்கும் தெரியும். அதற்கு மேலும் இருக்கிறது. கடைச் சீஸில் பாலை உறையவைக்கச் சேர்க்கும் ரென்னெட் எங்கிருந்து வந்தது, வினிகர் திராட்சை மதுவிலிருந்து செய்ததா, கீரையிலும் காலிஃபிளவரிலும் பூச்சி பார்த்தார்களா, இதே வாணலியில் முன்பு என்ன சூடாக்கினார்கள் என்று கேள்விகள் நீளும். சமைத்தது யார் என்பதும் முக்கியம். சில வகைப் பதார்த்தங்களை யூதரல்லாதவர் மட்டுமே சமைத்திருந்தால், பொருள்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் கண்டிப்பான வீடுகளில் எடுக்க மாட்டார்கள். நெய் என்றால் பால் கறந்ததை யார் மேற்பார்வை பார்த்தார் என்பது வரை போகும். அமெரிக்காவில் அரசின் கண்காணிப்பே போதும் என்ற ரபி மோஷே ஃபைன்ஸ்டைனின் தீர்ப்பை ஏற்றுப் பலர் சாதாரணக் கடைப் பாலை வாங்குகிறார்கள். அதையும் ஏற்காத வீடுகள் இருக்கின்றன.

எல்லா யூத வீடும் இப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பியூ ஆய்வு மையம் 2020-ல் நடத்திய கணக்கெடுப்பின்படி அமெரிக்க யூதர்களில் வீட்டில் கோஷர் கடைப்பிடிப்பவர்கள் 17 சதவீதம்தான். மீதிப் பேரில் பெரும்பாலோர் உங்கள் மைசூர்பாகைக் கண்டால் செய்முறை கேட்பார்கள். என் அலுவலக நண்பர்களில் இரண்டு வகையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே, வீட்டில் கோஷர் ஆனால் வெளியே சைவ உணவு மட்டும் சாப்பிடுகிறவர்களும் உண்டு. ஆளைப் பார்த்து ஊகிக்க முடியாது. அதனால்தான் யார் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, பொருளைத் தேடிக் கடைக்குப் போகாமல் அவர்களிடமே நேராகக் கேட்டுவிடுங்கள் என்று. "உங்கள் வீட்டில் கோஷர் பார்ப்பீர்களா? சாப்பிடும் பொருள் கொடுத்தால் எந்த முத்திரை இருக்க வேண்டும்?" இப்படிக் கேட்பது நமக்குத்தான் கூச்சம். வேலையில், பள்ளியில், விமானத்தில் என்று இதற்குப் பதில் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். கேட்காமல் கொண்டுவந்து நீட்டும்போதுதான் தர்மசங்கடம்.

இதே இடத்தில், இந்துக் குடும்பங்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கோஷர் பார்க்காத வீட்டுக்குக்கூட, சாமிக்குப் படைத்ததைச் சொல்லாமல் கொடுக்காதீர்கள். நமக்குப் பிரசாதம் என்றால் கூடுதல் மதிப்பு, நல்லதைத்தானே பகிர்கிறோம் என்று தோன்றும். யூத சட்டத்தில் நிலைமை தலைகீழ். வேறு தெய்வத்துக்குப் படைத்ததைச் சாப்பிடுவது மட்டுமல்ல, அதனால் எந்தப் பயனும் அடையவே கூடாது. எவ்வளவு தீவிரமான விஷயம் என்பதற்கு 2004 மே மாதத்தில் நடந்ததைச் சொல்லலாம். கண்டிப்பான யூத சமூகங்களில் மணமான பெண்கள் தலைமுடியை மறைக்க விக் அணிவார்கள். அந்த விக்குகளுக்கான முடியில் கணிசமான பங்கு திருப்பதியில் மொட்டையடித்த முடி என்று தெரியவந்தபோது, அது கோவிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்ததா என்ற கேள்வி எழுந்தது. ஜெருசலேமின் ரபி எல்யஷிவ் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார். நியூயார்க் புரூக்ளினில் தெருவிலேயே விக்குகளைப் போட்டு எரித்தார்கள். ஒரு விக் பல நூறு டாலர், சிலது ஆயிரத்துக்கும் மேல். அப்படியும் எரித்தார்கள். முடி எடுப்பது காணிக்கையா இல்லையா என்பதில் ரபிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே தீபாவளிப் பலகாரம் கொடுப்பதாக இருந்தால் அவர்கள் பங்கைப் படையலுக்கு முன்பே தனியாக எடுத்து வையுங்கள், அதைச் சொல்லியே கொடுங்கள். பிள்ளையார் சிலை, தஞ்சாவூர் ஓவியம், கஜலட்சுமி விளக்கு எதுவும் பரிசாக வேண்டாம். இதில் புண்பட வேண்டியதில்லை. இஸ்ரேலின் தலைமை ரபிகளும் இந்து ஆசாரியர்களும் 2007-ல் டெல்லியிலும் 2008-ல் ஜெருசலேமிலும் உட்கார்ந்து பேசி, இந்துக்கள் வணங்குவதும் ஒரே பரம்பொருளைத்தான் என்று கூட்டறிக்கையே வெளியிட்டார்கள். ஆனாலும் வீட்டு அலமாரியில் சிலை வைப்பது என்பது வேறு பேச்சு.

இப்போது ஹனுக்காவுக்கு வருவோம். டிசம்பரை ஒட்டி வருவதால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதுதான் யூதர்களின் பெரிய பண்டிகை, அவர்களுடைய கிறிஸ்துமஸ் என்று தோன்றிவிடுகிறது. அப்படி இல்லை. சிரியாவை ஆண்ட அந்தியோக்கஸ் மன்னனின் படையை மக்கபேயர்கள் என்ற யூதப் போராளிகள் விரட்டி, கி.மு. 164-ல் ஜெருசலேம் ஆலயத்தை மீண்டும் சுத்திகரித்த நினைவு நாள் அது. மத வரிசையில் சின்னப் பண்டிகைதான். வேலைக்குப் போகலாம், வண்டி ஓட்டலாம். எட்டு இரவு விளக்கேற்றுவார்கள், எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிடுவார்கள். பழைய வழக்கத்தில் பிள்ளைகள் கையில் கொஞ்சம் காசு கொடுப்பதோடு சரி. வண்ணத்தாளில் சுற்றிய பரிசுகள் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் பக்கத்தில் அமெரிக்காவில் வளர்ந்த பழக்கம். அதனால் நீங்கள் ஹனுக்காவுக்கு எதுவும் கொடுக்காவிட்டால் யாரும் எதுவும் நினைக்கப்போவதில்லை. மதப்பற்றுள்ள பல வீடுகளில் பெரியவர்களுக்குள் பரிசே கிடையாது.

தேதியைப் பாருங்கள். அவர்கள் நாள்காட்டி சந்திரனோடு போவது, அவ்வப்போது கூடுதல் மாதம் சேர்த்துச் சரிக்கட்டுவார்கள். 2024-ல் ஹனுக்கா டிசம்பர் 25 மாலை தொடங்கியது, 2026-ல் டிசம்பர் 4 மாலையே தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வாரம்தானே என்று காத்திருந்தால் பண்டிகை முடிந்தே போயிருக்கும். டிசம்பர் 4 வெள்ளிக்கிழமை வேறு. நியூஜெர்சியில் அந்தச் சமயம் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும், அதற்கு முன்பே ஓய்வுநாள் விளக்கை ஏற்றிவிடுவார்கள். அதிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை பணம் தொட மாட்டார்கள், போனை எடுக்க மாட்டார்கள், பலர் மின்சார மணியைக்கூட அழுத்த மாட்டார்கள். பொருள் கைமாறுவதற்கும் கட்டுப்பாடு உண்டு, ஒரு பையைத் தெருவில் தூக்கிப் போவதும் தடை. ஊரைச் சுற்றிக் கம்பி கட்டி எல்லை வகுத்திருந்தால் அதற்குள் தூக்கிப் போகலாம், உங்கள் ஹைலண்ட் பார்க், எடிசன் பக்கம் அப்படி ஓர் எல்லை உண்டு. ஆனாலும் வியாழனோ வெள்ளி மதியத்துக்கு முன்போ கொடுத்துவிடுவது நல்லது.

கோஷர் வீட்டுக்கு உணவுப் பொருள் என்றால் உறை பிரிக்காதது, முத்திரை உள்ளது, இரண்டும் கட்டாயம். வட்டத்துக்குள் ஆங்கில யூ எழுத்து என்றால் ஆர்த்தடாக்ஸ் யூனியன் என்ற சான்று வழங்கும் அமைப்பின் முத்திரை. 1923-ல் ஹைன்ஸ் கம்பெனியின் பீன்ஸ் டப்பாவில் தொடங்கியது, இன்று உலகம் முழுக்க இருக்கிறது. வட்டத்துக்குள் கே, நட்சத்திரத்துக்குள் கே என்று வேறு அமைப்புகளும் உண்டு. வட்டமோ நட்சத்திரமோ எதுவும் இல்லாமல் வெறும் கே எழுத்து மட்டும் அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம், ஓர் எழுத்தை யாரும் தங்கள் முத்திரை என்று பதிவு செய்ய முடியாது. பக்கத்தில் டி என்று இருந்தால் பால் சேர்ந்தது. பாரவே என்று இருந்தால் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை. பரிசுக்கு அதுதான் வசதி, இறைச்சிச் சாப்பாட்டுக்குப் பிறகும் எடுக்கலாம். பால் இனிப்பு என்றால் இறைச்சி சாப்பிட்ட பிறகு சிலர் மூன்று மணி நேரம், பலர் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள். சூப்பர்மார்க்கெட்டில் ஹனுக்கா என்று எழுதி நீல ரிப்பன் கட்டி விற்கும் கூடைகளை அப்படியே நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளிலும் முத்திரை பார்க்க வேண்டும்.

முத்திரை இல்லாமலும் பொதுவாக ஏற்கும் பொருள்கள் சில உண்டு, நம்மூர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டவசமாக. வாசனை எதுவும் சேர்க்காத வெறும் தேயிலை அதில் ஒன்று. நல்ல நீலகிரித் தேயிலை ஒரு டப்பா அருமையான பரிசு. சிக்கரி கலக்காத காப்பித் தூளும் அப்படித்தான். முழு மிளகு, ஏலக்காய், பட்டை போன்ற அரைக்காத மசாலா, நறுக்காத முழுப் பழம் இவையும் சரி. இஸ்ரேலில் விளைந்த பழம் மட்டும் வேண்டாம், அதில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, பிரித்தார்களா என்ற தனிக் கணக்கு இருக்கிறது. நாமே அரைத்த சாம்பார்பொடி இந்தப் பட்டியலில் வராது.

ஒயின் வாங்கலாமா என்று பலர் கேட்பார்கள். தவிர்ப்பதே மேல் என்பேன், ஆனால் காரணம் தெரிந்துகொள்ளுங்கள். திராட்சை மதுவுக்குத் தனிச் சட்டம். கோஷர் ஒயினாகவே இருந்தாலும், யூதரல்லாதவர் திறந்து ஊற்றிவிட்டால் கண்டிப்பானவர்கள் குடிக்க மாட்டார்கள். பழைய காலத்தில் மதுவைச் சிலைகளுக்கு வார்த்துப் படைத்ததிலிருந்து வந்த தடை. சூடாக்கிப் பதப்படுத்திய ஒயினுக்கு இந்தச் சிக்கல் இல்லை, லேபிளில் மெவுஷால் என்று போட்டிருக்கும். வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் அதைப் பார்த்து வாங்குங்கள், மேசையில் அவர்களே திறக்கட்டும். விஸ்கி விஷயத்தில் கருத்துகள் பல. ஷெர்ரி என்ற ஒயின் இருந்த பீப்பாயில் வைத்ததைச் சிலர் தொடுவதில்லை, சிலர் கவலைப்படுவதில்லை.

சாப்பாட்டை விட்டு வெளியே வந்தால் பாதி சங்கடம் தீர்ந்தது. கரூரில் நெய்த வெள்ளைப் பருத்தி மேசைவிரிப்பு ஒன்று கொடுத்துப் பாருங்கள். வெள்ளி இரவு மேசைக்கு வெள்ளை விரிப்பு போடுவது அந்த வீடுகளில் பரவலான வழக்கம், வாராவாரம் உபயோகப்படும். செம்மறியாட்டு ரோமமும் லினனும் சேர்த்து நெய்த துணிக்கு அவர்கள் சட்டத்தில் தடை உண்டு, பருத்திக்கு ஒரு கேள்வியும் இல்லை. ஹனுக்கா மெழுகுவர்த்திப் பெட்டியும் கொடுக்கலாம். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, தினமும் ஏற்றிவைக்கும் துணை விளக்கையும் சேர்த்தால் எட்டு நாளுக்கு 44 வேண்டும், பெட்டியிலேயே அந்தக் கணக்கில் இருக்கும். சிலர் ஆலிவ் எண்ணெய்தான் ஊற்றுவார்கள், அதனால் இதையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். விளக்குத் தண்டையே வாங்கிக் கொடுக்கலாமா என்றால் எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. நெருங்கிய நண்பர் என்றால் பரவாயில்லை, அறிமுகம் மட்டும் உள்ள வீட்டில் அவர்கள் வழிபாட்டுப் பொருளை நாம் தேர்ந்தெடுப்பது கொஞ்சம் அதிகப்படி. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானோ புத்தகமோ போதும், ஆனால் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. கிறிஸ்துமஸ் தாத்தா படம் போட்ட தாளில் மட்டும் சுற்றாதீர்கள். இஸ்ரேல் சம்பந்தப்பட்ட எதையும் நாமாக முந்திக்கொண்டு வாங்குவதையும் நான் தவிர்ப்பேன். அந்த நாட்டைப் பற்றி யூதக் குடும்பங்களுக்குள்ளேயே கடும் வாக்குவாதம் நடக்கிறது, உங்கள் பரிசு அதில் ஒரு கட்சியாகிவிட வேண்டாம்.

உண்மையில் கொடுப்பதற்கு ஹனுக்காவைவிட நல்ல நாள்கள் இருக்கின்றன. ரோஷ் ஹஷானா, அதாவது புத்தாண்டு, செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும். இனிப்பான வருடம் வேண்டி ஆப்பிளைத் தேனில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். முத்திரையுள்ள ஒரு தேன் பாட்டில், இரண்டு மாதுளை, அவ்வளவு போதும், மனம் குளிர்ந்துபோவார்கள். ஐரோப்பிய வழி வந்த பல குடும்பங்கள் அன்று கொட்டைப் பருப்புகளைத் தொட மாட்டார்கள், அதனால் முந்திரிப் பொட்டலம் வேண்டாம். பத்து நாளில் யோம் கிப்பூர், 25 மணி நேர உபவாசம். அன்று பரிசும் இல்லை, சந்தோஷ வாழ்த்தும் இல்லை, உபவாசம் சிரமமில்லாமல் போகட்டும் என்று சொன்னால் போதும். பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ பூரிம். ஒருவருக்கொருவர் உணவு அனுப்பவும் ஏழைகளுக்குத் தானம் செய்யவும் அவர்கள் வேதத்தின் எஸ்தர் புத்தகத்திலேயே கட்டளை இருப்பதால் அன்று வீடு வீடாகக் கூடைகள் போய்க்கொண்டிருக்கும். உங்கள் வாசலுக்கும் ஒன்று வரலாம். வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அன்றே ஈடுகட்ட ஓட வேண்டாம்.

வசந்தகாலத்தில் வரும் பஸ்கா பண்டிகை சமயத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களிலும் புளித்துப்போகக்கூடிய எதுவும் அந்த எட்டு நாள் வீட்டில் இருக்கவே கூடாது. ஐரோப்பிய வழியினரில் பலர் அரிசி, பருப்புகூடச் சாப்பிட மாட்டார்கள். வருடம் முழுக்கச் செல்லும் கோஷர் முத்திரை இதற்குப் போதாது, பஸ்காவுக்கென்று தனிக் குறி வேண்டும். பூங்கொத்து கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். இந்தச் சமயத்தில் உங்களிடம் அவர்களே ஓர் உதவி கேட்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம். வீட்டில் மிஞ்சிய தானியப் பொருள்களைச் சட்டப்படி யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். பெரும்பாலும் ரபி மூலமாகத்தான் நடக்கும், ஆனால் அண்டை வீட்டுக்காரர் வாங்கும் ஆளாக இருப்பதும் உண்டு. மொராக்கோவில் இதைவிட அழகான ஒரு வழக்கம் இருந்தது. பஸ்கா முடியும் இரவில் யூத வீடுகளில் மாவே இருக்காது. இருட்டியதும் முஸ்லிம் அண்டை வீட்டார் மாவும் பாலும் வெண்ணெயும் தேனும் கொண்டுவந்து கொடுப்பார்கள். உடனே அடுப்பு மூட்டி மெல்லிய ரொட்டி சுட்டு, வந்தவர்களோடு சேர்ந்து சாப்பிடுவார்கள். மிமூனா என்று பெயர். அங்கிருந்து இஸ்ரேலுக்குப் போனவர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். வேற்று மதத்தார் யூதருக்குப் பண்டிகைப் பரிசு கொடுப்பது எப்படி என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். எந்த நேரத்தில் எது அந்த வீட்டில் இருக்காது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருந்தது.

எவ்வளவு செலவழிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். அந்த வீட்டுப் பையனுக்குப் பதின்மூன்று வயதில் பார் மிட்ஸ்வா, அதாவது மதக் கடமைகளை ஏற்கும் வயதை எட்டும் விழா, வரும்போது உதவும். நாம் மொய் எழுதும்போது 101, 501 என்று வைப்பது மாதிரி அவர்களுக்குப் 18-ன் மடங்கு மங்கலம், 36, 54, 180 என்று போகும். விழா பெரும்பாலும் சனிக்கிழமை என்பதால் உறையை அன்று நீட்டாமல் முன்பே கொடுங்கள், அல்லது தபாலில் அனுப்புங்கள்.

கடைசியாக, உங்கள் கைப்பக்குவம் அவர்கள் நாக்கில் பட வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்கும் வழி உண்டு. அவர்கள் வீட்டு அடுக்களையில் போய்ச் செய்யுங்கள். ஹனுக்கா பொரித்துச் சாப்பிடும் பண்டிகை, முறுக்குக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. முத்திரையுள்ள அரிசி மாவு, உளுந்து மாவு, எண்ணெய் மூன்றையும் பிரிக்காமல் எடுத்துப் போங்கள். வெண்ணெய்க்குப் பதில் சூடான எண்ணெய் விட்டுப் பிசைந்தால் பால் கலக்காது. பெருங்காயத்தை விட்டுவிடுங்கள், கடையில் விற்கும் தூளில் வேறு மாவு கலந்திருக்கும். சட்டி அவர்களுடையதாக இருக்கட்டும், அடுப்பை அந்த வீட்டுக்காரர் யாராவது பற்றவைக்கட்டும். சில மரபுகளில் அது போதும், சில மரபுகளில் வாணலியை அடுப்பில் வைப்பதும் அவர்கள் கையாலேயே இருக்க வேண்டும், அவர்களே சொல்வார்கள். உங்கள் வீட்டு அச்சை மட்டும் கொண்டுபோக முடியாது. புதிதாக ஒரு முறுக்கு அச்சு வாங்கி, ஒட்டிய லேபிளைக்கூடக் கிழிக்காமல் ஒரு வாரம் முன்பே பரிசாகக் கொடுத்துவிடுங்கள். யூதரல்லாதவரிடமிருந்து வந்த புது உலோகப் பாத்திரத்தைச் சடங்குக் குளத்தில் முக்கி எடுத்த பிறகுதான் பயன்படுத்துவார்கள், அதற்கு அவர்களுக்கு ஒரு நாள் வேண்டும்.